நகையை பேங்க்ல வைக்கதுக்கு முன்ன: சப்ளை செயின்ல எந்த சர்ட்டிபிகேட் எடுக்க?

கேள்வி:

அக்கா, நான் கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம். வயசு 27, பி.காம் முடிச்சிருக்கேன். அஞ்சு வருசமா ஒரு அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஃபேக்டரி) ஸ்டோர்ஸ் பாக்கேன், சம்பளம் 16,500. வீட்டுக்காரர் மஸ்கட்ல, பிள்ளைக்கு மூணு வயசு. ரெண்டு மூணு வருசத்துல நாங்களும் அங்க போகலாம், இல்லேன்னா நான் இங்கேயே நல்ல கம்பெனியா பாத்து மாறணும். நாகர்கோவில்ல ஒரு சென்டர்ல சப்ளை செயின் (சரக்கு வாங்குறது, வைக்கிறது, அனுப்புறது பத்தின படிப்பு) இன்டர்நேஷனல் டிப்ளமோ, ஆறு மாசம், 75,000னு சொல்லுகாவ. துபாய்ல இருக்க அண்ணன் சிப்ஸ் (CIPS) படின்னு சொல்லுகான், கூட வேலை பாக்கவரு சிக்ஸ் சிக்மான்னு சொல்லுகாரு, இன்னொருத்தங்க எஸ்ஏபி (SAP) சாப்ட்வேர் தெரியாம ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லுகாவ. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், இங்கிலீசுன்னா பயம். வளையலை பேங்க்ல வச்சு டிப்ளமோல சேரட்டுமா? கழிஞ்ச மாசம் ஸ்டாக்குல நாலு சாக்கு குறையுதுன்னு முதலாளி லோடிங் பையன்மாரை சந்தேகப்பட்டாரு, நான் ஈரப்பதக் கணக்கு போட்டுக் காட்டின பிறகுதான் விட்டாரு. இப்பிடி சோலியே பாத்துட்டு இருந்தா எப்ப முன்னேற?

பதில்:

மக்ளே, வளையலை கையிலேயே போட்டுக்கோ. அதை முதல்ல சொல்லிடுகேன், மத்ததெல்லாம் பைய பேசுவோம்.

உன் கடிதத்துல கடைசியா ஒரு சலிப்புல நீ எழுதின ரெண்டு வரி இருக்கே, நாலு சாக்கு கதை, அதை நான் மூணு தடவை வாசிச்சேன். நீ என்ன கணக்கு போட்டிருப்பன்னு நானும் ஒரு தாள்ல போட்டுப் பாத்தேன். ஒரு லோடு 16 டன் பச்சை அண்டின்னு வை, வரும்போது ஈரம் 10 சதவீதம், முற்றத்துல போட்டு உணக்கி எடுக்கும்போது 8 சதவீதம். எல்லாரும் ரெண்டு சதவீதம் குறைஞ்சது, அப்போ 320 கிலோன்னு சொல்லிட்டு போயிருவாங்க, ஆனா அது சரியில்ல. 16,000 கிலோல ஈரம் போக உள்ள சரக்கு 14,400 கிலோ, அது மாறாது, உணங்கின பிறகு அந்த 14,400 தான் மொத்தத்துல 92 சதவீதம், அப்போ மொத்தம் 15,652 கிலோ. குறைஞ்சது 348 கிலோ. 80 கிலோ சாக்குன்னா நாலு சாக்கும் இன்னும் கொஞ்சமும். அந்தப் பையன்மார் எடுக்கல, வெயில் எடுத்துட்டுப் போச்சு. நீ இதைப் போட்டுக் காட்டலேன்னா ரெண்டு குடும்பத்துக்கு சோலி போயிருக்கும்.

இதை நீ சோலின்னு நினைக்க. நான் 22 வருசமா பிளானிங்ல இருக்கேன், அதாவது எந்த சரக்கு எப்போ எவ்வளவு வேணும்னு கணக்கு பாக்கிற வேலை, ஒரகடத்துல கார் உதிரி பாகம் செய்யற கம்பெனி, அப்புறம் ஓமன்ல சோகார்ல நாலு வருசம், இப்போ தக்கலைல இருந்தே ரெண்டு மூணு கம்பெனிக்கு கன்சல்டிங். நான் இன்டர்வியூ எடுத்த ஆளுங்கள்ல பெரிய பெரிய பேரு போட்ட சர்ட்டிபிகேட் வச்சிருந்தவங்க நிறைய பேருக்கு, புக் ஸ்டாக்குக்கும் பிசிக்கல் ஸ்டாக்குக்கும் ஏன் வித்தியாசம் வருதுன்னு கேட்டா திருட்டு, டேமேஜ்னு ரெண்டு காரணத்துக்கு மேல வராது. உனக்கு மூணாவது காரணம் தெரியும், அதுக்கு கணக்கும் தெரியும். சர்ட்டிபிகேட்டை எதுல இருந்து தேடணும்னா இதுல இருந்து தேடணும். உன் கை ஏற்கனவே எந்த வேலையில பழகியிருக்கு, அடுத்து எந்த நாற்காலில உக்காரப் போற, இந்த ரெண்டுக்கும் நடுவுல பாலமா என்ன படிப்பு இருக்கு, அவ்வளவுதான் கேள்வி. எது பெரிய சர்ட்டிபிகேட்னு ஆரம்பிச்சா துபாய் அண்ணன் ஒண்ணு சொல்லுவான், பக்கத்து சீட்டுக்காரரு ஒண்ணு சொல்லுவாரு, ரெண்டு பேரும் அவங்கவங்க வாழ்க்கைக்கு சரியாத்தான் சொல்லியிருப்பாங்க.

இந்த 75,000 டிப்ளமோ விஷயத்துல எனக்கு சொந்த அனுபவம் உண்டு, அதனால கொஞ்சம் அழுத்தியே சொல்லுகேன். 2009ல சென்னைல இதே மாதிரி ஒரு சென்டர்ல 38,000 கட்டி இன்டர்நேஷனல்னு பேரு போட்ட டிப்ளமோ எடுத்தேன், அப்போ அது எனக்கு நாலு மாச சம்பளம். தங்க எழுத்துல அச்சடிச்ச தாள், பாக்க நல்லா இருக்கும். அதைக் கொண்டு ஒரு இன்டர்வியூக்கு போனேன். பிளான்ட் ஹெட் ஒரு வயசான மனுசன், ஃபைலை திறக்கவே இல்ல, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: ஒரு நாளைக்கு 400 பீஸ் ஓடுது, சப்ளையர் 20 நாள்ல தர்றேன்னு சொல்லுவான், சில நேரம் 27 நாள் ஆக்கிருவான், நீ எவ்வளவு கையில வச்சிருப்ப? எனக்கு வாய் திறக்க வரல. ஏழு நாள் தாமதத்துக்கு 2,800 பீஸ் கூடுதலா வேணும், அதுதான் அவரு எதிர்பாத்த எளிய பதில், அதுக்கு மேல புள்ளியியல் வச்சு நுணுக்கமா குறைக்கவும் செய்யலாம். ஆறு மாசம் படிச்ச டிப்ளமோல யாரும் எங்களை ஒரு கணக்கு கூட போட வைக்கல. அன்னைக்கு திரும்பி வரும்போது பஸ்ல அழுதது இப்பவும் ஓர்மை இருக்கு.

அதனால அந்த சென்டர்ல போயி மூணு விஷயம் கேளு. சர்ட்டிபிகேட்ல கையெழுத்து போடுறது யாரு, உங்க சென்டரா இல்ல வேற அமைப்பா? பரீட்சை நீங்களே வைக்கிறீங்களா, இல்ல பியர்சன் வியூ மாதிரி தனி பரீட்சை மையத்துல நடக்குதா? நாளைக்கு மஸ்கட்ல ஒரு எச்ஆர் என் பேரைப் போட்டு இது உண்மைதானான்னு சரிபாக்க வழி இருக்கா? மூணுக்கும் நேரா பதில் வந்தா யோசிக்கலாம். "அதெல்லாம் இன்டர்நேஷனல் அக்ரிடிடேசன் உண்டு மேடம்"னு சுத்தி வளைச்சா சாயா குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துரு. படிப்போட சேத்து வெளிநாட்டு வேலையும் விசாவும் வாங்கித் தர்றோம்னு சொன்னா இன்னும் கவனம், ஆள் அனுப்புற ஏஜென்ட்டு பதிவு பண்ணினவங்களான்னு வெளியுறவுத் துறையோட இ-மைக்ரேட் தளத்துல பாத்துக்கலாம்.

இனி ஒவ்வொண்ணா வருவோம். உலகம் பூரா செல்லுற சர்ட்டிபிகேட்ல எங்க லைன்ல முதல்ல வர்ற பேரு ஏஎஸ்சிஎம் (ASCM). பழைய ஆளுங்க ஏபிக்ஸ்னு (APICS) சொல்லுவாங்க, 1957ல அமெரிக்கால உற்பத்தியும் சரக்கு இருப்பும் பாக்கிறவங்க சேந்து தொடங்கின சங்கம் அது, 2018ல பேரை மாத்தினாங்க. அவங்ககிட்ட முக்கியமா மூணு இருக்கு. சிபிம்னு (CPIM) நாங்க சொல்லுறது பிளானிங், இன்வென்டரி, அதாவது சரக்கு இருப்பு பக்கம். சிஎஸ்சிபி (CSCP) மொத்த சங்கிலியையும், சப்ளையரோட சப்ளையர்ல இருந்து கடைசி வாடிக்கையாளர் வரை, மேல இருந்து பாக்கிறது. சிஎல்டிடி (CLTD) வேர்ஹவுஸ், லாரி, கப்பல், விநியோகம்னு சரக்கு நகருற பக்கம். சிஎஸ்சிபிக்குத்தான் பேரு ரொம்ப, எல்லாரும் அதைத்தான் எடுக்கணும்னு நினைக்காங்க. நான் என்ன சொல்லுவேன்னா அது மேனேஜர் இடத்துக்கு வந்த பிறகு, பல டிபார்ட்மென்ட் ஆளுங்களோட உக்காந்து பேசற நேரத்துல எடுத்தா நல்லா பிடிபடும். ஸ்டோர்ஸ்ல இருந்து நேரா அதுக்கு தாவினா சொல்லெல்லாம் மனப்பாடம் ஆகும், ஆனா கையில ஒட்டாது.

உனக்கு சிபிம். இதை நான் யோசிக்காம சொல்லல. அதோட பாடத்துல டிமாண்ட் பிளானிங், சப்ளை பிளானிங், இன்வென்டரி, ஷெட்யூலிங், விநியோகம், குவாலிட்டி எல்லாம் வரும், அதுல பாதியை நீ பேரு தெரியாம செஞ்சுட்டு இருக்க. ஒரு உதாரணம் சொல்லுகேன். புத்தகத்துல ஆன்டிசிபேசன் இன்வென்டரின்னு ஒரு சொல் வரும், பின்னால வரப்போற தட்டுப்பாட்டுக்காகவோ விற்பனைக்காகவோ முன்கூட்டியே சேத்து வைக்கிற சரக்கு. படிக்கிற பிள்ளைங்க அமெரிக்கால கிறிஸ்துமஸ் பொம்மை உதாரணத்தை வச்சு மனப்பாடம் பண்ணும். உங்க ஆபீஸ்ல என்ன நடக்கு? ஜூன்ல மழை பிடிச்சா முற்றத்துல அண்டி உணக்க முடியாது, அதுனால மே மாசத்துக்குள்ள எவ்வளவு உணக்கி கோடவுன்ல ஏத்தணும்னு முதலாளி கணக்கு பாப்பாரு, ஆப்பிரிக்கால இருந்து தூத்துக்குடி வழியா வர்ற அண்டியும் அங்கத்த சீசனை ஒட்டித்தான் கிடைக்கும், வருசம் பூரா தல்லி உடைக்கிறதுக்கு உள்ள சரக்கை சில மாசத்துல வாங்கிப் போடணும், அதுக்கு பேங்க் வட்டி வேற. இதுதான் அது. நம்ம ஊர்ல ரெண்டு மழைக்காலம், ஜூன்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, அதுனால இந்தப் பாடத்தை உன் அளவுக்கு யாருக்கும் வாத்தியார் சொல்லித்தர முடியாது.

அதே மாதிரி அவுட்டர்ன். 80 கிலோ சாக்குல 48 பவுண்டு பருப்பு கிடைக்கும்னு சொல்லி வாங்கின லாட்டுல 46 தான் கிடைச்சா, அதுதான் புத்தகத்துல வர்ற ஈல்டு, போட்டதுல எவ்வளவு கிடைச்சதுங்கற கணக்கு. W320, W240னு பவுண்டுக்கு எத்தனை பருப்புன்னு நீங்க தரம் பிரிக்கிறதும், ஒரே அண்டியில இருந்து முழுசு, பிளவு, பொடின்னு பல சரக்கு வர்றதும் பிளானிங்ல தனி தலைவலி, கார் கம்பெனில பல பாகம் சேந்து ஒரு வண்டி ஆகும், உங்க ஆபீஸ்ல ஒண்ணு உடைஞ்சு பலது ஆகும். இதை ஒரு இன்டர்வியூல நீ விளக்கி சொல்லிட்டேன்னு வை, எதிர்ல இருக்கவரு பேனாவை கீழ வச்சுட்டு கேப்பாரு.

பரீட்சை எப்படின்னா, முன்னால அஞ்சு பேப்பரா இருந்துச்சு, நான் எழுதினது அப்போ, 2012ல தொடங்கி 2014ல முடிச்சேன், ஒரு பேப்பர்ல 300 வேணும், 296 எடுத்து தோத்து மறுபடி எழுதினேன். அப்புறம் ரெண்டாக்கினாங்க, இப்போ ஒரே பரீட்சை. 150 கேள்வி, மூணரை மணி நேரம், எல்லாம் சரியான விடையை தேர்ந்தெடுக்கிறதுதான், மார்க் 200ல இருந்து 350 வரை, 300 வந்தா பாஸ். மையத்துக்கு போயும் எழுதலாம், வீட்ல இருந்து கேமரா முன்னாலயும் எழுதலாம், மூணு வயசு பிள்ளை இருக்க வீட்ல நான் மையத்துக்கு போகத்தான் சொல்லுவேன். பாஸ் ஆனாலும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா 75 பாயின்ட் சேத்து புதுப்பிக்கணும், இதை சென்டர்காரங்க யாரும் முன்னால சொல்லுறதில்ல.

செலவு பெருசு. அதை மறைக்க மாட்டேன். பரீட்சைக் கட்டணம், படிக்கிற மெட்டீரியல், மெம்பர்ஷிப் எல்லாம் டாலர் கணக்கு, சேத்துப் பாத்தா லட்சம் ரூபாய் பக்கம் போகும், தாண்டியும் போகலாம். அதனாலதான் இன்னைக்கே போயி கட்டுன்னு சொல்லல. ஒண்ணரை வருசம் எடுத்துக்கோ.

இப்போ கையில காசு போகாம என்ன செய்யலாம்? என்பிடெல் (NPTEL) இருக்கு. ஐஐடி பேராசிரியர்மார் நடத்துற பாடம், வீடியோ பாக்க ஒரு பைசா வேண்டாம், சர்ட்டிபிகேட் வேணும்னா பரீட்சைக்கு 1,000 ரூபாய், அதுவும் நேர்ல மையத்துல போயி எழுதறது, அதனால மதிப்பு உண்டு. வாராவாரம் அசைன்மென்ட்டுக்கு 25, பரீட்சைக்கு 75, அசைன்மென்ட்ல 10ம் பரீட்சைல 30ம் தனித்தனியா எடுத்தா போதும். சப்ளை செயின், ஆபரேஷன்ஸ், இன்வென்டரின்னு பாடங்கள் வரும், அடுத்த செமஸ்டர்ல ஒண்ணு எடு. உனக்கு இந்த லைன் பிடிக்குதா, ராத்திரி பிள்ளையை உறக்கிட்டு ஒரு மணி நேரம் உக்கார முடியுதான்னு ஆயிரம் ரூபாய்ல தெரிஞ்சுரும், 75,000ல தெரிஞ்சுக்க வேண்டாம். அதுக்கு மேல கணக்குல ருசி இருந்தா அமெரிக்கால உள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரங்க ஆன்லைன்ல நடத்துற மைக்ரோமாஸ்டர்ஸ் இருக்கு, அனலிட்டிக்ஸ்ல தொடங்குது, கேட்டுப் படிக்கிறது இலவசம், கஷ்டமான பாடம், ஆனா சத்தானது.

அப்புறம் எக்செல். பிவட் டேபிள், விலுக்கப், இஃப் ஃபார்முலா இதெல்லாம் கை ஓடணும். உங்க ஆபீஸ்ல டேலி இருக்குமே, அதுல கோடவுன் வாரியா, லாட் வாரியா பிரிச்சு போடுறீங்களா, இல்ல மொத்தமா ஒரே ஐட்டமா? மேனுஃபேக்சரிங் ஜர்னல் போட்டு, இவ்வளவு அண்டி உள்ள போச்சு, இவ்வளவு பருப்பு இவ்வளவு தோடு வெளிய வந்துச்சுன்னு ஒரு மாசம் எழுதிப் பாரு. முதலாளி கேக்காமலே செய். மாசக் கடைசில எந்த லாட் லாபம், எந்த லாட் நஷ்டம்னு ஒரு தாள்ல எழுதி அவரு மேசைல வச்சேன்னா, பின்னால பரீட்சைக் கட்டணத்துல பாதி தாங்கன்னு கேக்க உனக்கு ஒரு அடிப்படை இருக்கும். நாலு சாக்கு சந்தேகத்தை தீத்து வச்சவ நீ, கேக்க கூச்சப்படாத.

எஸ்ஏபி பத்தி. அதைச் சொன்னவங்க பொய் சொல்லல, பெரிய கம்பெனில நிறைய இடத்துல அதுதான். ஆனா எஸ்ஏபி சர்ட்டிபிகேட்டை வெறும் சென்டர்ல படிச்சு வாங்கினவங்களுக்கும், தினம் அதுல சரக்கு ஏத்தி இறக்கினவங்களுக்கும் ரெண்டு நிமிசத்துல வித்தியாசம் தெரியும். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு: மிகோங்கற (MIGO) சரக்கு வரவு ஸ்க்ரீன்ல 101ங்கற கோடு போட்டு சரக்கை ஏத்திட்ட, அப்புறம்தான் அளவு தப்புன்னு தெரியுது, என்ன செய்வ? வேலை பாத்தவங்க யோசிக்காம 102 போட்டு ரிவர்ஸ் பண்ணுவேன், சப்ளையருக்கே திருப்பி அனுப்புறதுன்னா 122னு சொல்லுவாங்க. படிச்சவங்க அழிச்சுருவேன்னு சொல்லுவாங்க, எஸ்ஏபில போட்ட டாக்குமென்ட்டை அழிக்கவே முடியாது. அதனால எஸ்ஏபி ஓடுற கம்பெனிக்குள்ள ஸ்டோர்ஸ் வேலைக்கு போயி, அவங்க காசுலயே பழகுறதுதான் நேர்வழி. உன் கணக்கு அடிப்படை சரியா இருந்தா ஸ்க்ரீன் மூணு வாரத்துல பழகிரும்.

துபாய் அண்ணன் சொன்ன சிப்ஸ், அது இங்கிலாந்து அமைப்பு, பர்ச்சேஸ் ஆளுங்களுக்கு உள்ளது. கல்ஃப்ல கன்ஸ்ட்ரக்சன், எண்ணெய் கம்பெனி பர்ச்சேஸ் வேலை விளம்பரத்துல அந்தப் பேரு அடிக்கடி வரும், அவன் பொய் சொல்லல. லெவல் 4, 5, 6னு படிப்படியா ஏறணும், ஒவ்வொரு லெவல்லயும் பல பேப்பர், கடைசி எம்சிப்ஸ்னு பேருக்குப் பின்னால போட மூணு வருச அனுபவமும் காட்டணும். சப்ளையரோட பேரம் பேசறது, டெண்டர், கான்ட்ராக்ட் இதெல்லாம் உனக்கு பிடிக்குமா? உன் கடிதத்துல அண்டி வாங்குற விலையைப் பத்தி ஒரு வரி இல்ல, ஸ்டாக்கைப் பத்திதான் இருக்கு. அமெரிக்கா பக்கத்து சிபிஎஸ்எம் (CPSM) சர்ட்டிபிகேட்டும் பர்ச்சேஸ்தான், டிகிரியோட மூணு வருசம் அந்த வேலை பாத்திருக்கணும். ரெண்டும் இப்போதைக்கு உனக்கு வேண்டாம்.

சிக்ஸ் சிக்மா, வேலையில வர்ற தப்பைக் குறைக்கிற முறை, நல்ல பாடம், ஆனா அதுக்கு ஒரே சொந்தக்காரங்க கிடையாது, யாரு வேணும்னாலும் கிரீன் பெல்ட்னு அதுல ஒரு லெவல் சர்ட்டிபிகேட்டை அச்சடிச்சு கொடுக்கலாம், ரெண்டு நாள் கிளாஸ்ல தர்றவங்களும் உண்டு. ஏஎஸ்க்யூ (ASQ)னு அமெரிக்கால உள்ள தரச் சங்கம் மாதிரி இடத்துல வாங்கினா மதிப்பு, அவங்க மூணு வருச அனுபவம் கேப்பாங்க. பின்னால பாக்கலாம். எம்பிஏ பத்தி நீ கேக்கல, நல்லது.

இன்னொண்ணு, நீ கேக்கல, ஆனா நம்ம மாவட்டத்துல இப்போ எல்லாரும் கேக்காங்க, அதுனால சொல்லுகேன். கேரளால விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2ல திறந்த பிறகு, களியக்காவிளை தாண்டினா துறைமுகம், இனி லாஜிஸ்டிக்ஸ் படிச்சா பக்கத்துலேயே வேலைன்னு சென்டர்காரங்க போர்டு வைக்காங்க. துறைமுகம் வந்தது பெரிய விஷயம்தான், எனக்கும் சந்தோசம். ஆனா அங்க முக்கியமா நடக்கது டிரான்ஷிப்மென்ட், பெரிய கப்பல்ல இருந்து சின்ன கப்பலுக்கு கன்டெய்னர் பெட்டி மாறும், அந்தப் பெட்டிக்கு கேட்டுக்கு வெளிய சோலி இல்ல. அதுல லாரியும் கோடவுனும் கஸ்டம்ஸ் ஆபீசும் நம்ம ரோட்டுல முளைக்கணும்னா, இங்க உள்ள ஏற்றுமதி இறக்குமதி சரக்கு அந்தக் கேட்டு வழியா போகணும். அந்த நம்பிக்கைல மட்டும் இன்னைக்கு லட்ச ரூபாய் போடாத. கஸ்டம்ஸ் பக்கம் ஆசை உள்ளவங்க தூத்துக்குடில ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர்கிட்ட சேந்து, அவங்க ஊழியர்களுக்குன்னு கஸ்டம்ஸ் வைக்கிற ஜி கார்டு பரீட்சை எழுதறதுதான் பிழைப்புக்கு வழி, டிப்ளமோ அங்க செல்லாது.

மஸ்கட் போறதா இருந்தா ரெண்டு விஷயம் உன் வீட்டுக்காரர்கிட்ட விசாரிக்கச் சொல்லு. ஃபேமிலி விசால போயி அங்க வேலைக்கு சேரணும்னா வேலை விசாவுக்கு மாத்தணும், அப்புறம் ஓமன்ல அவங்க நாட்டுக்காரங்களுக்குன்னு ஒதுக்கின வேலைகள் லிஸ்ட் அப்பப்ப மாறும். எந்த வேலைப் பேருல விசா கிடைக்குதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், சர்ட்டிபிகேட் அதுக்குப் பிறகு. பி.காம் டிகிரி அட்டெஸ்டேசனை இங்க இருக்கும்போதே முடிச்சு வை, அங்க போயி கூரியர்ல அனுப்பி அலையாத.

இங்கிலீசு பயத்துக்கு வர்றேன், இதுதான் உன்னை ரொம்ப பிடிச்சு வச்சிருக்குன்னு எனக்கு தெரியும், நானும் பத்து வரை தமிழ்தான். சிபிம் பரீட்சை இங்கிலீசு இலக்கியம் இல்ல, ஒரே மாதிரி சொல்லுங்கதான் திரும்பத் திரும்ப வரும், அந்தச் சொல்லுங்களுக்குன்னே ஏஎஸ்சிஎம் ஒரு அகராதி வச்சிருக்கு. நான் செஞ்சதைச் சொல்லுகேன். ஒரு நீள நோட்டு வாங்கி, இடது பக்கம் அவங்க சொல்லு, வலது பக்கம் என் ஷாப் ஃப்ளோர்ல அது எது, தமிழ்ல. நீ உன் கோடவுனை எழுது. சேஃப்டி ஸ்டாக்குக்கு நேர, பேக்கிங் டின் எப்பவும் கையில வைக்கிற மூணு நாள் சரக்குன்னு எழுது. சைக்கிள் கவுன்ட்டுக்கு நேர, ஞாயித்துக்கிழமை மூடிட்டு மொத்தமா எண்ணாம தினம் ரெண்டு ரேக் எண்ணுறதுன்னு எழுது. ரீஆர்டர் பாயின்ட்டுக்கு நேர ஒரு கணக்கையே போடு: 25 பவுண்டு டின், அதாவது 11.34 கிலோ பிடிக்கிறது, ஒரு நாளைக்கு 60 போகுது, ஆர்டர் போட்டா வர எட்டு நாள், மூணு நாள் கையிருப்பு வேணும், அப்போ 60ஐ 11ஆல பெருக்கினா 660, கோடவுன்ல 660 டின் ஆகும்போது போன் போடணும். 200 சொல்லு இப்படி எழுதினேன்னா கேள்வித்தாள்ல இங்கிலீசு இருக்காது, உன் கோடவுன்தான் இருக்கும்.

அதே நோட்டுல பின் பக்கத்துல இருந்து இன்னொரு வேலை. மூணு வருசம் கழிச்சு நீ உக்கார ஆசைப்படுற வேலையோட விளம்பரம் 20 தேடு, நௌக்ரில பத்து, லிங்க்டின்ல மஸ்கட், சோகார்னு போட்டு பத்து. இன்வென்டரி கன்ட்ரோலர், மெட்டீரியல் பிளானர், புரொடக்சன் பிளானர், இந்தப் பேருங்கள்ல தேடு. என்ன என்ன கேக்காங்கன்னு கோடு போட்டு எண்ணு. 20ல எத்தனைல சிபிம், எத்தனைல சிஎஸ்சிபி, எத்தனைல எஸ்ஏபி, எத்தனைல வெறும் எக்செல்லும் அனுபவமும். நான் சொல்லுறதை அப்படியே நம்ப வேண்டாம், உன் எண்ணிக்கை வேற சொன்னா அதை நம்பு, என்கிட்டயும் சொல்லு, நான் மாத்திக்கிறேன்.

ஈரப்பதக் கணக்கு போட்ட அந்தத் தாளை தூக்கிப் போட்டுராத, தேதி, லாட் நம்பர் போட்டு பத்திரமா வை, மீட்டர்ல எந்த இடத்துல எத்தனை சாம்பிள் எடுத்தன்னும் குறிச்சு வை, இன்டர்வியூல அதைத்தான் முதல்ல எடுத்து மேசைல வைக்கணும். என்கிட்ட அஞ்சு பேப்பர் காலத்து சிபிம் புத்தகம் இருக்கு, இன்னைய பரீட்சைக்கு அது போதாது, சிலபஸ் மாறிப் போச்சு. ஆனா எம்ஆர்பி கணக்கும் (எந்த உதிரி எப்போ எவ்வளவு வேணும்ங்கறது, டப்பால போடுற விலை இல்ல) லாட் சைஸ் கணக்கும் (ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கணும், செய்யணும்ங்கறது) மாறல. அந்த ரெண்டு அதிகாரத்தை போட்டோ காப்பி எடுத்து வைக்கேன், நோட்டுல முதல் 50 சொல்லு முடிஞ்ச உடனே எழுது, அட்ரஸ் சொன்னா கருங்கல் பஸ்ல கொடுத்து விடுகேன்.